மேட்ரன் பார்த்த கட்டில்கள்

குறை சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும் மேட்ரன் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"அது இருக்கட்டும். நீங்க எங்க படுக்கிறீங்க?"

முதலாளி அடித்தார் என்று வந்தவருக்கும் இதே கேள்வி, ஓய்வு நாள் தரவில்லை என்று வந்தவருக்கும் இதே கேள்வி. ஆண்கள் நெளிவார்கள். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த ஒருவர், பெரிய மீசைக்காரர், என் பக்கம் குனிந்து, "என்ன சார், இந்தம்மா இதையெல்லாம் கேக்குது?" என்று மெல்லக் கேட்டார். அது மேட்ரன் காதில் விழுந்துவிட்டது.

"ஐயே, உன்னைக் கட்டிக்கவா கேட்டேன்? பாயா, கட்டிலா, அதச் சொல்லு லா."

வெல்டர் சிரித்துவிட்டார். பட்டறைக் கொட்டகையில் பலகைமேல் படுப்பதாகவும், மேலே தகரம் ஒழுகுவதாகவும் சொன்னார். மேட்ரன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா, போய்ப் பாப்போம்."

இது எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில். தேக்காவில் ஒரு மசாலைக் கடைக்கு மேலே எங்கள் அறை. நாற்காலிகள் ஐந்து, அவற்றில் ஆடாதவை இரண்டு. மின்விசிறி ஒன்று, அதற்கு மூன்று வேகம் உண்டு என்று எழுதியிருக்கும், சுற்றியது ஒரே வேகத்தில்தான். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு மனம் அமைதிப்படாது. பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மாலையில் இந்தக் குறை கேட்புக் குழுவுக்குச் செயலாளர்.

குழுவை அமைத்தது வணிகர்களும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் படும் பாடு வெளியே பேச்சாகத் தொடங்கியிருந்தது. அரசாங்கத்துக்குப் போவதற்குள் நாமே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று சங்கத்தில் நினைத்தார்கள். தலைமைக்கு ஒருவரைத் தேடியபோது, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக, அதாவது மேட்ரனாக, இருந்து ஓய்வு பெற்ற இந்த அம்மாளைச் சொன்னார்கள். கத்தோலிக்கர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், யாரிடமும் எதுவும் வாங்காதவர். வயதான பெண்மணி, தொந்தரவு இருக்காது என்றும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அந்தக் கணக்கு மட்டும் தப்பு.

குழுவின் விதிகளைத் தட்டச்சு செய்தவன் நான். குழு கேட்கலாம், விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். கட்டளை இட முடியாது. சங்க உறுப்பினர்மேல் புகார் வந்தால் நிர்வாகத்தின் அனுமதி பெற்றுத்தான் விசாரிக்க வேண்டும். முடித்த புகாரை மறுபடி திறக்கக் கூடாது. புகாருக்கு ஆளான முதலாளிகளில் பாதிக்கு மேல் சங்க உறுப்பினர்கள் என்பதை நான் முதல் ஆண்டே எண்ணிச் சொன்னேன்.

"தெரியும் தம்பி," என்றார் மேட்ரன். "வார்டுல டாக்டர் தப்பு பண்ணாலும் டாக்டர்கிட்டத்தான் போய்ச் சொல்லணும். அங்க முப்பது வருஷம் ஓட்டல?"

ஆனால் சங்கத்தின் காப்பியை அவர் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருவார். நாம் கேள்வி கேட்க வேண்டிய ஆட்கள் நமக்குக் காப்பி ஊற்றக் கூடாது என்பார். அந்த வீட்டுக் காப்பி வாயில் வைக்க முடியாது. மேட்ரனுக்குச் சமைக்கவும் வராது, காப்பி கலக்கவும் வராது. எனக்கும் ஒரு மூடியில் ஊற்றி நீட்டுவார். மறுக்க முடியாமல் அத்தனை ஆண்டும் குடித்தேன்.

கட்டில் கேள்விக்குக் காரணம் கேட்டிருக்கிறேன். "நோயாளி நல்லாருக்கேன்னு பொய் சொல்லுவான், வீட்டுக்குப் போற ஆசையில. சொந்தக்காரங்களும் பொய் சொல்லுவாங்க. நான் படுக்கையப் பாப்பேன். விரிப்பு எங்க கசங்கியிருக்கு, தலகாணி எந்தப் பக்கம் நனைஞ்சிருக்கு. அது பொய் சொல்லாது."

ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற ஆள், முதலாளி கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று வந்தான். எங்கே படுக்கிறாய் என்று கேட்டதற்கு, மாடிப்படிக்குக் கீழே, வெங்காய மூட்டைமேல் என்றான். மறுநாள் பிற்பகல் கூட்டம் குறைந்த நேரத்தில் மேட்ரன் கடைக்குப் போனார். கூடவே நான். படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வெள்ளைச் சேலையோடு மூட்டைகளின்மேல் நீட்டிப் படுத்துவிட்டார்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து ஓடிவந்தார். "ஐயோ, மேட்ரன்! என்ன இது, எந்திரிங்க! ஆளுங்க பாக்கறாங்க!"

"இருங்கண்ணே. இன்னும் தூக்கம் வரல."

"மேட்ரன், உங்க காலுல வேணா விழறேன்."

"ஏன்? உங்க கடையாளு ரெண்டு வருஷமா இங்கதான் தூங்குறாரு. நான் ஒரு மணி நேரம் தூங்கக் கூடாதா?"

சாப்பிட வந்த ஒரு சீன டாக்சிக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கடைக்காரரின் முகம் வாடிவிட்டது. அன்று மாலைக்குள் மடக்குகிற கேன்வாஸ் கட்டில் ஒன்று வந்தது. மாடியில் சாமான் அறையை ஒதுக்கி அங்கே போட்டார்கள். மேட்ரன் அதிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அறைந்த விஷயம்? முதலாளி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று பரிந்துரை எழுதினோம். அவர் தெரிவிக்கவில்லை. மறுபடி எழுதினோம். அப்போதும் இல்லை. மூன்றாவது முறை எழுத விதியில் இடம் இல்லை.

சைனாடவுனில் கோயிலுக்குப் பின்தெருவில் கட்டுமான இடத்தைக் காவல் காத்த ஒரு பெரியவருக்கும் அப்படித்தான். வேலையை விட்டு நிறுத்தியது தப்பு என்று எழுதினோம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்து வந்த காவலாளிக்குக் கட்டிலும் கொசுவலையும் கிடைத்தன.

எனக்கு எரிச்சலாக வரும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து எண்ணுவேன். கட்டில்கள் சேர்ந்துகொண்டே போகும். பணிந்து நடந்த முதலாளி என்று விரல் மடக்கினால் ஒரு கை போதும். எங்கள் அறிக்கையைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்பார்கள், கை தட்டுவார்கள், மேட்ரனுக்கு மாலை போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த அறிக்கையை யாரும் பார்த்ததில்லை.

"கட்டில் வாங்கிக் குடுக்கவா மேட்ரன் குழு வச்சோம்? நியாயம் எங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நியாயம் மேலருந்து வரணும் தம்பி. நேரமாகும். அதுவரைக்கும் அந்த மனுசன் முதுக எங்க வைப்பான்?"

இப்போது ஈசூனில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேப்பரில் எந்த நாட்டு மனித உரிமை ஆணையத்தைப் பற்றிச் செய்தி வந்தாலும் விடாமல் படிக்கிறேன். ஆணையம் கவலை தெரிவித்தது, ஆணையம் பரிந்துரைத்தது, ஆணையத்தின் தலைவரை அரசே நியமித்தது. பெரிய கட்டடம், நீதிபதிகள், வழக்கறிஞர்கள், ஆனாலும் எங்கள் மசாலைக் கடை மாடியில் நான் தட்டச்சு செய்த அதே விதிகள். அப்படியானால் அவை வேண்டாமா என்று மகன் கேட்பான். வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அறையில் ஏறி வந்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு இறங்கிப் போனவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏறும்போது இருந்த முகம் இல்லை அது. ஆனால் குவீன்ஸ்டவுனில் நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த அம்மாள் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். அதே மாடியில் பக்கத்து வீட்டில் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை செய்கிறாள், பெயர் செல்வி, தாழ்வாரத்துப் பக்க ஜன்னல் வழியாக, ஊருக்குப் போக வேண்டும் என்று தன்னிடம் அழுகிறாள் என்றார். பேசிக்கொண்ட இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் வீட்டுக்காரர் அலமாரியில் இருக்கிறது. ஊரில் நாலு வயதுப் பெண் குழந்தை.

அந்த வீட்டுக்காரர் எங்கள் சங்கத்தின் துணைத்தலைவர்.

அனுமதி கிடைக்காது என்று நான் பந்தயம் கட்டாத குறை. ஆனால் துணைத்தலைவரே பெரிய மனதோடு, "தாராளமா வந்து பாருங்க மேட்ரன். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம்" என்றார்.

போனோம். அவர் மனைவி சிரித்த முகத்தோடு வரவேற்றார். மேட்ரன் உட்காரக்கூட இல்லை. "அந்தப் பொண்ணு எங்க படுக்குது?"

தனி அறை. இரும்புக் கட்டில், ஸ்பாஞ்ச் மெத்தை, பூப்போட்ட விரிப்பு, மேசை விசிறி, சுவரில் முருகன் படம். மேட்ரன் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார். தலையணையைத் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்து லேசாக ஆடிப் பார்த்தார். அவ்வளவு மோசமான கட்டில்களைப் பார்த்த கண்ணுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது.

"நர்ஸ் ஹாஸ்டல்ல எங்களுக்கே இப்படி ஒரு மெத்தை இல்லயே!"

"படுக்கிற இடம் நல்லாருக்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு," என்றார் துணைத்தலைவரின் மனைவி.

செல்வி வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். மெலிந்த பெண். மேட்ரன் அவளைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாத்துக்கறாங்க."

வீட்டு அம்மாள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று மேட்ரன் பிளாஸ்க்கைத் திறக்கவில்லை. அந்தக் காப்பியைக் குடித்தார். குறை ஏதும் இல்லை என்று நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார். புகார் முடிந்தது.

சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மறுபடி படியேறி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"வந்து பாத்தீங்களாமே மேட்ரன்? என்னாத்தப் பாத்தீங்க?"

"நல்ல கட்டில்மா. விசிறி இருக்கு."

"கட்டில் இருக்கு. அந்த ரூம் கதவுல தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா? வெளிப்பக்கம் இருக்கு. அவங்க வெளிய போனா அந்தப் பொண்ண உள்ள வச்சு பூட்டிட்டுப் போறாங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து ஜன்னல் பக்கம் வந்து அழறதக்கூட நிறுத்திடுச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

மேட்ரன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீ பாத்தியா, தாழ்ப்பாள்?"

விசிறிக்கு எத்தனை வேகம் என்றுகூட எனக்கு நினைவிருந்தது. கதவை நானும் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் போன பிறகு மேட்ரன் வெகுநேரம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே வேலை செய்த நர்ஸ் ஒருவர், மேட்ரன் வைதால் தாங்கலாம், பேசாமல் இருந்தால்தான் தாங்க முடியாது என்று ஒருமுறை என்னிடம் சொன்னது உண்மைதான். அன்று அவர் பேசாமல் இருந்தது தன்னிடமேதான்.

நிர்வாகக் கூட்டத்தில் புகாரை மறுபடி திறக்க அனுமதி கேட்டார். தலைவர் விதியைக் காட்டினார். துணைத்தலைவர் சிரித்துக்கொண்டே, "பாஸ் பண்ண பரீட்சைய யாராவது திரும்ப எழுதுவாங்களா மேட்ரன்?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "ஊர் தெரியாத பொண்ணு. வெளிய போய் ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? அதுக்குத்தான் பூட்டுறோம்" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கொடுமைக்காரர் என்று என்னால் அவரைச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனியில் அரை நாள் லீவு போடச் சொன்னார் மேட்ரன். எதற்கு என்று சொல்லவில்லை. டாக்சியில் குவீன்ஸ்டவுன் போனோம். துணைத்தலைவரின் மனைவி கதவைத் திறந்தார்.

"செல்விய என்கூடக் கொஞ்சம் அனுப்புங்கம்மா. சர்ச்சுக்குப் போயிட்டு வரோம்."

"சர்ச்சுக்கா? இன்னிக்கு செவ்வாய்க்கிழமை ஆச்சே?"

"செவ்வாய்க்கிழமதான் அந்தோணியார் நவநாள்."

"அந்தப் பொண்ணு இந்து, மேட்ரன்."

"அந்தோணியார் யாரு வந்தாலும் தள்ள மாட்டாரு."

மேட்ரனை மறுக்க முடியாமல் அந்த அம்மாள் உள்ளே திரும்பிச் செல்வியைக் கூப்பிட்டார். செல்வி செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். டாக்சி நேராக அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. வழியில் விஷயத்தைச் சொன்னபோது அவள் மேட்ரனின் சேலை முந்தானையை விரல்களில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி ஓர் இளம் சீனர். செல்வி சொல்லச் சொல்ல மேட்ரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அவர் குறித்துக்கொண்டார். பிறகு மேட்ரனைப் பார்த்து, "உங்களுக்கு இது எப்போது தெரியும்?" என்று கேட்டார். மேட்ரன் சொன்னார். "அப்போதே ஏன் இங்கே வரவில்லை?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்களிடம் ஒரு குழு இருக்கிறது," என்றார் மேட்ரன்.

அதிகாரி, "ஓ" என்றார்.

தொலைபேசியை எடுத்துப் பேசினார். குரலை உயர்த்தக்கூட இல்லை. பேசி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. துணைத்தலைவரின் டிரைவர் பழுப்பு உறையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் மேட்ரன் படியில் நின்றுவிட்டார். "ஒரே ஒரு போன், தம்பி."

நான் தெருவைப் பார்த்து டாக்சிக்குக் கை காட்டினேன்.

"சரி வாங்க, சர்ச்சுக்குப் போவோம்," என்றார் பிறகு. "சொன்னது பொய்யாயிடக் கூடாதில்ல." மூன்று பேரும் போனோம். நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் நெரிந்தது. செல்வி எல்லோரையும் பார்த்து எழுந்தாள், எல்லோரையும் பார்த்து உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

பயணச்சீட்டுக்கு ஏற்பாடாகும்வரை அவள் மேட்ரன் வீட்டில் இருந்தாள். அந்தச் சில நாளும் மேட்ரன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ருசியாகச் சாப்பிட்டார் என்பது என் கணிப்பு. இதற்கிடையே சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். நம் வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோய்விட்டீர்கள் என்றார் தலைவர். "ஆமாங்க. முன்னமே கொண்டு போயிருக்கணும்," என்றார் மேட்ரன். இனிமேல் வருகிற எல்லோருக்கும் அந்த அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பத்தான் போவதாகவும் சொன்னார். குழுவைக் கலைக்கத் தீர்மானம் வந்தது. கை தூக்கியவர்களை எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

சாங்கி விமான நிலையத்துக்கு நானும் போனேன். செல்வியிடம் ஒரு ரெக்ஸின் பையும், குழந்தைக்கு மேட்ரன் வாங்கிக் கொடுத்த பொம்மையும் இருந்தன. நேரம் நிறைய இருந்தது. மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மேட்ரன் சொன்னார்.

"அன்னிக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா."

செல்வி மறுக்கவில்லை. மனது நோகுமே என்று பூசி மெழுகவும் இல்லை.

"நீங்க வரப் போறீங்கன்னு பக்கத்து வீட்டக்கா சொல்லியிருந்தாங்கம்மா. என்னென்ன சொல்லணும்னு ராத்திரியெல்லாம் நெனச்சு வச்சிருந்தேன். நீங்க கட்டில ஆட்டிப் பாத்தீங்க. அந்தம்மா பக்கத்துலயே நின்னாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

மேட்ரன் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதுபோல. திரும்பி, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"அன்னிக்குச் சொல்ல நெனச்சத இப்பச் சொல்லும்மா."

"இப்ப எதுக்கும்மா? அதான் போறேனே."

"பரவால்ல. சொல்லு."

செல்வி முதலில் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அவள் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை அழுதாள், ஒருமுறை இருவரும் சிரித்தார்கள், பிறகு மறுபடியும் அவள் பேசினாள். விமானத்துக்கு அழைப்பு வந்தது. நான் எழுந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். இரண்டாவது அழைப்பும் வந்தது. செல்வி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, கடைசி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

மேட்ரன் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி, இரு என்றார்.